முகம் உப்புறதுக்கும் மூக்குக்குப் பின்னால இருக்கிற பட்டாணிக்கும் என்ன சம்பந்தம்?

இன்ஸ்டாகிராம்ல 'கார்ட்டிசால் ஃபேஸ்'னு தேடிப் பாருங்க. காலையில முகம் கொஞ்சம் உப்பியிருந்தா உடனே ஸ்ட்ரெஸ், கார்ட்டிசால் ஏறிப்போச்சு, இந்தப் பொடியைக் கலக்கிக் குடிங்கன்னு வரிசையா ரீல்ஸ் வரும். ராத்திரி லேட்டா பிரியாணி சாப்பிட்டுப் படுத்தா வர்ற வீக்கம் வேற. ஆனா கார்ட்டிசால் நிஜமாவே கட்டுப்பாடு இல்லாம ஏறுற ஒரு நோய் இருக்கு. அதுக்குப் பேர் குஷிங் நோய். பத்து லட்சம் பேர்ல வருஷத்துக்கு ஒண்ணு, ரெண்டு பேருக்குத்தான் புதுசா வருது. அவ்வளவு அரிதுங்கிறதால, கண்டுபிடிக்கவே சராசரியா மூணு வருஷம் பக்கம் ஆயிடுது.

மூக்குக்கு நேர் பின்னால, மூளைக்கு அடியில, பட்டாணி அளவுல பிட்யூட்டரி சுரப்பி இருக்கு. அது ஏ.சி.டி.எச்.னு ஒரு ஹார்மோனை அனுப்பும். சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரீனல் சுரப்பிகள் அதைக் கேட்டு கார்ட்டிசாலைச் சுரக்கும். காலையில உச்சம், நள்ளிரவுல அடிமட்டம். மாடி டேங்க் நிரம்பினா மோட்டார் தானா நிக்கிற மாதிரி, கார்ட்டிசால் போதும்னா பிட்யூட்டரி நிறுத்திக்கும். அந்தப் பிட்யூட்டரியில ஒரு சின்னக் கட்டி வந்து, அதுவும் ஏ.சி.டி.எச்.சை அனுப்ப ஆரம்பிச்சா, ஆட்டோ கட் போச்சு. கட்டின்னா உடனே புற்றுநோய்னு பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது கிடையாது. பல பேருக்கு 10 மில்லிமீட்டர்கூட இருக்காது.

மருங்காபுரிப் பக்கம் ஒரு ஊர்ல இருபத்தாறு வயசுப் பொண்ணு ஒருத்தி இருக்கான்னு வச்சுக்குவோம். எடை ஏறுது. வீட்ல என்ன சொல்வாங்க? மணப்பாறை முறுக்கைக் கொறைச்சுக்கோம்மா. மாதவிடாய் தவறுது, முகத்துல முடி வளருது, பி.சி.ஓ.டி.ன்னு மாத்திரை வரும். பி.பி. ஏறுது, சர்க்கரை ஏறுது. அதுக்குத் தனித்தனியா மாத்திரை. மனசு சோர்ந்து கிடக்கா, கல்யாணமானா சரியாயிடும்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பதில் கிடைச்சுடுது. எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்ல. இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகமா வருதுங்கிறதையும் இதோட சேர்த்து யோசிங்க.

சாதாரணமா குண்டாகுறவங்ககிட்ட அதிகம் பார்க்க முடியாத சில அடையாளங்கள் இருக்கு. வயித்துல, தொடையில ஒரு சென்டிமீட்டருக்கு மேல அகலமான ஊதா நிறக் கோடுகள். லேசா இடிச்சாலே கன்னிப்போறது. தோல் மெலிசாகுறது. உடம்பு பெருக்குது, கை கால் மட்டும் மெலியுது. தரையில உட்கார்ந்தா கையூணாம எழுந்திருக்க முடியல. குழந்தைங்கன்னா எடை ஏறும், உயரம் நின்னுபோகும். இந்தக் கடைசி ஒண்ணைப் பெத்தவங்க கண்டிப்பா ஞாபகம் வச்சுக்கணும்.

முதல் டெஸ்ட்ல ஒண்ணு ரொம்ப எளிமை. ராத்திரி 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் மாத்திரை. ஆமா, கோவிட் சமயத்துல எல்லாரும் கேள்விப்பட்ட அதே மருந்துதான். அது கார்ட்டிசால் மாதிரியே நடிக்கும். ஆரோக்கியமான பிட்யூட்டரி 'டேங்க் ரொம்பிடுச்சு'ன்னு நம்பி நிறுத்திடும். மறுநாள் காலை எட்டு, ஒன்பது மணிக்கு ரத்தத்துல கார்ட்டிசால் 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழ இறங்கியிருக்கணும். இறங்கலைன்னா அடுத்து நள்ளிரவு உமிழ்நீர், 24 மணி நேரச் சிறுநீர், ஏ.சி.டி.எச்., எம்.ஆர்.ஐ.ன்னு போகும். ஒரே ஒரு காலை நேர ரத்த கார்ட்டிசாலை மட்டும் பார்த்து முடிவு பண்ண முடியாது. ஆன்லைன்ல விக்கிற 'ஸ்ட்ரெஸ் பேக்கேஜ்' மேல எனக்கு இருக்கிற எரிச்சலுக்குக் காரணம் இதுதான்.

நோய்க்குப் பேர் கொடுத்தவர் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். 1912-ல மின்னி ஜி.ங்கிற 23 வயசுப் பொண்ணைப் பத்தி எழுதினார். பிட்யூட்டரிக் கட்டிதான் காரணம்னு 1932-ல விரிவா வாதம் வச்சார். அவர்கிட்ட பயிற்சி எடுத்தவர்கள்ல ஒருத்தர் வைல்டர் பென்ஃபீல்ட். மான்ட்ரியால்ல பென்ஃபீல்ட்கிட்ட படிச்சவர் ஜேக்கப் சாண்டி. 1949-ல இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை அவர் ஆரம்பிச்ச இடம் நம்ம வேலூர் சி.எம்.சி. பாஸ்டன்ல இருந்து வேலூருக்கு மூணே தலைமுறை!

சிகிச்சையில முதல் தேர்வு அறுவைதான். மண்டையைத் திறக்கிறதில்ல, மூக்கு வழியாவே எண்டோஸ்கோப்பை விட்டுக் கட்டியை எடுக்கிறாங்க. வெற்றி பெற்ற மறுநாளே கார்ட்டிசால் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறங்கிடும். இத்தனை நாள் கட்டி மட்டுமே கத்திக்கிட்டு இருந்ததால, நல்ல செல்கள் தூங்கிப்போயிருக்கும். அதுங்க முழிச்சுக்கப் பல மாசம் ஆகும். அதுவரைக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை வேணும். உடம்பெல்லாம் வலி, அசதி, மனச்சோர்வு. 'ஆபரேஷன் முடிஞ்சும் ஏன் இப்படிப் படுத்தே கிடக்கா'ன்னு வீட்ல முணுமுணுப்பாங்க. குணமாகிறதே அப்படித்தான் இருக்கும்னு முன்னாடியே குடும்பத்துக்குச் சொல்லிவைக்கணும். பிற்காலத்துல நோய் திரும்பவும் வரலாம், அதனால வருஷா வருஷம் செக்கப் உண்டு.

இதே அறிகுறிகள் பிட்யூட்டரியில எதுவுமே இல்லாம வரலாம். சொல்லப்போனா அதுதான் அதிகம். காரணம் வெளியிலிருந்து போற ஸ்டீராய்டு. மூட்டு வலிக்குன்னு லேபிள் இல்லாம தர்ற பொடி, முகம் வெளுக்கப் பூசுற க்ரீம், ஒல்லியா இருக்கோம்னு சாப்பிடுற மாத்திரை. 2018-ல மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களுக்கு மருத்துவர் சீட்டைக் கட்டாயமாக்குச்சு. மெடிக்கல் ஷாப்ல சீட்டு இல்லாம கிடைக்குதா இல்லையான்னு உங்களுக்கே தெரியும்.

இதைக் கேட்டுட்டு, சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற ஸ்டீராய்டைத் தயவுசெஞ்சு இன்னைக்கே நிறுத்திடாதீங்க. பல வாரமா எடுத்தா உங்க சொந்தச் சுரப்பிகள் தூங்கியிருக்கும். திடீர்னு விட்டா பி.பி. சரிஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்த்துப் படிப்படியாத்தான் குறைப்பாங்க. சந்தேகம் இருந்தா மணப்பாறை அரசு மருத்துவமனையிலயோ, திருச்சி மகாத்மா காந்தி அரசு மருத்துவமனையிலயோ பொது மருத்துவப் பிரிவுக்குப் போங்க. போறப்போ ரெண்டு பொருள் எடுத்துட்டுப் போங்க: நீங்க சாப்பிடுற, பூசுற எல்லா மருந்தும் ஒரு பையில. கூடவே, நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த உங்க போட்டோ ஒண்ணு.