சும்மா நிற்கும் உரிமை

நகரத்து இளம்பெண்களுக்கான திட்டங்கள் பலவும் தையல், கணினி என்று எதையாவது கற்றுத்தந்துவிட்டு, 'நேரா வீட்டுக்குப் போம்மா' என்றுதான் அனுப்புகின்றன. காரணம் இருந்தால்தான் பெண்ணுடலுக்குத் தெரு.

இந்தச் சொல்லாடலைக் கேள்விக்குள்ளாக்கியது, மும்பையை ஆராய்ந்து ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' (2011). பெண்ணுக்கு வேண்டியது வெறும் பாதுகாப்பல்ல. பொதுவெளியில் சும்மா இருக்கும் உரிமை என்றது.

2003இல் பெங்களூரில் ஜாஸ்மீன் பதேஜா தொடங்கிய 'பிளாங்க் நாய்ஸ்' இதை உடலாலேயே செய்துபார்த்தது. 'மீட் டு ஸ்லீப்' நிகழ்வில் பெண்கள் பூங்காவில் படுத்துத் தூங்கினார்கள். அவ்வளவுதான்.

தூங்குவதா அதிகாரம் என்று முதலில் சிரித்தவன்தான் நானும். ஆனால் டீக்கடை வாசலில் மணிக்கணக்காக நின்று பேசிப்பேசியே விமர்சகனானவன் நான். அந்நேரம் என் தங்கச்சி எங்கே இருந்தாள்?