பென்சில் கோடும் கணிப்பொறி வண்ணமும்: படநூல் மொழிபெயர்ப்பில் அடுக்குகளின் இடம்

1. முன்னுரை

தமிழில் 'எழுது' என்னும் வினை எழுத்தைப் பொறிப்பதற்கும் ஓவியம் வரைவதற்கும் பொதுவாக வழங்கி வந்துள்ளது. பழைய இலக்கியங்களில் ஓவியம் எழுதப்படுகிறது; கண்ணுக்கு மை எழுதுதல் என்னும் வழக்கு இன்றும் உண்டு. குழந்தைகளுக்கான படநூலில் இவ்விரு பொருளும் ஒரே பக்கத்தில் கூடுகின்றன. கதைத்தொடர் தனியே அமைய, படத்துக்குள்ளும் கடைப் பலகை, கடிதம், செய்தித்தாள் என எழுத்து இடம்பெறுகிறது. கதைத்தொடரை மொழிபெயர்ப்பாளர் மாற்றுகிறார். படத்துள் இருக்கும் எழுத்து பல நூல்களில் மூலமொழியிலேயே நின்றுவிடுகிறது. அதனை மாற்ற இயலுமா என்பது பெரிதும் படம் உருவான முறையைச் சார்ந்தது. பென்சிலால் வரைந்து கணிப்பொறியில் வண்ணமேற்றும் முறையை இந்நோக்கில் இக்கட்டுரை விளக்குகிறது.

2. செயல்முறை

ஓவியர் முதலில் தாளில் பென்சிலால் முழுப் படத்தையும் வரைகிறார். அப்படம் ஸ்கேனர் வழியாகக் கணிப்பொறிக்குள் செல்கிறது. மைக்கோட்டைக் கறுப்பு, வெள்ளை என்னும் இரு நிலைகளில் பதிவு செய்யலாம். பென்சில் கோட்டுக்கு அது பொருந்தாது. தாளின் சொரசொரப்பில் கிராஃபைட் பட்டும் படாமலும் படிவதால் கோட்டினுள் பல சாம்பல் நிறநிலைகள் உண்டு. அவை அனைத்தும் பதிவாக வேண்டும். பின்னர்த் தாளின் மங்கல் நிறம் தூய வெண்மையாகத் திருத்தப்படுகிறது. இத்திருத்தம் மிகுந்தால் மெல்லிய கோடுகள் மறைந்துவிடும்.

அடுத்த நிலை அடுக்கு முறையாகும். ஃபோட்டோஷாப் மென்பொருளில் 1994ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு முதல் இவ்வசதி உள்ளது. பென்சில் படம் மேலடுக்காகவும் வண்ணம் கீழடுக்காகவும் அமைகின்றன. மேலடுக்கு 'பெருக்கல்' என்னும் முறையில் வைக்கப்படுகிறது. இச்சொல் கணிதப் பொருளிலேயே ஆளப்படுகிறது. வெண்மையின் மதிப்பு 1, கறுப்பின் மதிப்பு 0 எனக் கொண்டு, ஒவ்வொரு புள்ளியிலும் இரு அடுக்குகளின் மதிப்புகளும் பெருக்கப்படுகின்றன. வெற்றுத்தாள் இருந்த இடத்தில் வண்ணம் மாறாமல் தெரிகிறது; கறுப்பு இருந்த இடத்தில் கறுப்பே நிற்கிறது; சாம்பல் இருந்த இடத்தில் வண்ணம் அந்த அளவுக்கு இருள்கிறது. இதனால் கோட்டின் கைத்தன்மை கெடாமல் வண்ணம் அதனடியில் பரவுகிறது.

3. அச்சும் மொழியும்

வண்ண அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளுக்கும் தனித்தனி அச்சுத்தகடுகள் உண்டு. கதைத்தொடர் முழுக் கறுப்பில் மட்டும் அமைந்தால், ஒவ்வொரு மொழிக்கும் கறுப்பு எழுத்துக்கான தகட்டை மட்டும் மாற்றினால் போதும். எழுத்து வண்ணப் பின்னணியில் வெண்மையாக விடப்பட்டால் அங்குள்ள எல்லாத் தகடுகளையும் மாற்ற நேரும். ஒரே ஓவியத்துடன் பல இந்திய மொழிகளில் நூல் வெளியிடும் நேரு பால புத்தகாலயம் போன்ற வரிசைகளில் இது செலவோடு நேரடியாகத் தொடர்புடையது.

படத்துள் இருக்கும் எழுத்தின் நிலை வேறு. நீர்வண்ண மூலத்தில் கடைப் பலகையின் சொல்லை மாற்ற, அப்பகுதியை மீண்டும் தீட்ட வேண்டும். அடுக்கு முறையிலோ பலகையின் வண்ணம் கீழே முழுமையாக இருக்கிறது. மேலடுக்கில் உள்ள பென்சில் எழுத்தை நீக்கிப் புதிய எழுத்தை வரைந்தால் போதும். ஓவியர் அவ்வெழுத்தைத் தனித்தாளில் வரைந்து தனி அடுக்காக வைத்திருந்தால் வேலை இன்னும் எளிது. புதிய எழுத்தும் கையால் பென்சிலில் வரையப்படுதல் நன்று. அச்செழுத்தின் சீரான விளிம்பு பென்சில் கோடுகளிடையே ஒட்டாமல் தனித்து நிற்கும்.

மாற்றாமல் விடுவதன் இழப்பும் கருதத்தக்கது. 'அவள் பலகையைப் படித்தாள்' என்று தமிழ்த்தொடர் கூற, படத்தில் ஆங்கிலப் பலகை இருந்தால், கதைமாந்தர் படிப்பதைத் தமிழ்க் குழந்தையால் படிக்க இயலாது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் வயதில் இவ்விலகல் சிறியதன்று.

4. எழுத்தே படமான ஒரு நூல்

ஆஸ்திரேலிய ஓவியர் ஷான் டானின் 'தி அரைவல்' (2006) இச்சிக்கலை மறுமுனையிலிருந்து காட்டுகிறது. கிராஃபைட் பென்சிலால் வரைந்து, கணிப்பொறியில் பழைய நிழற்படங்களின் பழுப்புச் சாயல் ஏற்றப்பட்ட நூல் இது. கதைத்தொடர் ஒன்றும் இல்லை. புலம்பெயர்ந்தவன் வந்துசேரும் நகரெங்கும் எம்மொழிக்கும் உரியதல்லாத ஒரு புனைவெழுத்து காணப்படுகிறது. ரோமன் எழுத்துகளையும் எண்களையும் வெட்டி மாற்றி ஒட்டி அது உருவாக்கப்பட்டது. அதனை எந்நாட்டு வாசகராலும் படிக்க இயலாது. புலம்பெயர்ந்தவனின் திகைப்பு வாசகரின் திகைப்பாகிறது. இங்கே படத்துள் உள்ள எழுத்தை மாற்றுவதே பிழையாகும்.

5. முடிவுரை

ஆகவே, படத்துள் உள்ள எழுத்து படிக்கப்படுவதற்காக உள்ளதா, படிக்க இயலாமைக்காக உள்ளதா என்பதை முடிவு செய்வது மொழிபெயர்ப்பாளரின் பணி. அம்முடிவைச் செயற்படுத்த அடுக்குகள் பிரிந்த நிலையில் உள்ள கோப்பு தேவை. அடுக்குகளை ஒன்றாக்கிய கோப்பில் கோடும் வண்ணமும் பிரிக்க இயலாதவாறு கலந்துவிடுகின்றன. எனவே பதிப்பாளரிடம் பனுவலைப் பெறும்போதே பென்சில் அடுக்கையும் கேட்டுப் பெறுதல் மொழிபெயர்ப்பின் முதற்படியாக அமைதல் வேண்டும்.