வளத்தால் வாடும் செடி

செடி என்றால் நல்ல மண் வேண்டும்; எரு வேண்டும்; கிணற்று நீர் பாய வேண்டும். இது வழிவழியாக நாம் அறிந்த பாடம். இப்பாடத்தை அப்படியே பின்பற்றினால் விரைவில் மடிந்துபோகும் செடி ஒன்று உண்டு. பூச்சிகளைப் பிடித்து உண்ணும் வீனஸ் பூச்சிப்பொறிதான் அது. டையோனியா மஸ்கிபுலா என்பது அதன் தாவரவியற் பெயர்.

மேலை நாட்டுப் பூக்கடைகளில் இச்செடி சிறு தொட்டிகளில் விற்கப்படுகிறது. ஆவலுடன் வாங்கிச் செல்வோர் பலரிடம் அது ஓராண்டுகூட உயிரோடு இருப்பதில்லை. வேறு சிலரோ அதே செடியை வீட்டு முற்றத்தில் தொட்டியில் வைத்துப் பல்லாண்டுகள் வளர்க்கின்றனர். முன்னவர் செடியைப் பட்டினி போட்டுக் கொல்வதில்லை. கொடுக்கக் கூடாதவற்றைக் கொடுத்துக் கொல்கின்றனர். இது எப்படி என்பதை அறிய, முதலில் செடியின் தாயகத்தைக் காண வேண்டும்.

ஏழை மண்ணின் குடி

உலகில் வீனஸ் பூச்சிப்பொறி இயற்கையாக வளரும் பகுதி மிகச் சிறியது. அமெரிக்காவில், வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளியில், வில்மிங்டன் நகரைச் சுற்றியுள்ள பகுதியே அது. அங்கு வட கரோலினாவின் ஆளுநராக இருந்த ஆர்தர் டாப்ஸ் 1759ஆம் ஆண்டில் இச்செடியைப் பற்றிக் கடிதம் எழுதினார். 1875இல் சார்லஸ் டார்வின் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி வெளியிட்ட நூலில் இதற்கென ஓர் இயலையே ஒதுக்கினார்.

அந்நிலம் மணலும் மக்கிய பாசியும் கலந்த, அமிலத் தன்மையுள்ள ஈர நிலம். பெய்யும் மழை மண்ணிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் உப்புகளைக் கரைத்துச் சென்றுவிடுகிறது. ஊசியிலை மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பதால் தரையில் நல்ல வெயில் விழும். இடையிடையே பரவும் தீ, புதர்களை எரித்து வெளியைத் திறந்து வைக்கிறது. பிற செடிகள் பிழைக்கத் தடுமாறும் அம்மண்ணில் இச்செடி, வேருக்குக் கிடைக்காத சத்தை இலையால் தேடிக்கொள்கிறது.

எண்ணத் தெரிந்த இலை

இலையின் நுனி, கீல் பொருத்திய இரு மடல்களாக அமைந்துள்ளது. ஒவ்வொரு மடலிலும் பெரும்பாலும் மூன்று உணர்மயிர்கள் உண்டு. ஒரு மயிரை ஒருமுறை தொட்டால் பொறி மூடுவதில்லை. ஏறத்தாழ 20 நொடிக்குள் இரண்டாம் முறை தொட்டால், நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் மூடிக்கொள்கிறது! விழுந்தது மழைத்துளியா, உயிருள்ள பூச்சியா என்று பிரித்தறியும் ஏற்பாடு இது. ஒவ்வொரு தொடுகையும் ஒரு மின் துடிப்பை எழுப்புகிறது. அப்போது இலையின் உயிரணுக்களில் கால்சியம் அயனிகளின் அளவு கூடுகிறது. இரண்டாம் தொடுகையில் அது தேவையான எல்லையைத் தாண்டுகிறது. இதனை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020இல் கண்ணுக்குப் புலப்படும்படி காட்டினர்.

அகப்பட்ட பூச்சி துடிக்கத் துடிக்க மயிர்கள் மேலும் தூண்டப்படுகின்றன. செரிமான நீர் சுரக்கிறது. ஏறக்குறைய ஒரு வாரம் கழிந்து பொறி திறக்கும்போது பூச்சியின் கூடு மட்டுமே எஞ்சியிருக்கும். ஒரு பொறி இவ்வாறு சில முறைகளே இயங்க வல்லது. ஆகவே வேடிக்கைக்காகக் குச்சியால் சீண்டுவது செடியின் ஆற்றலை வீணடிப்பதாகும்.

மண்ணும் தொட்டியும்

இனி வளர்க்கும் முறையைக் காண்போம். ஸ்ஃபேக்னம் பாசி மக்கி உண்டாகும் 'பீட்' ஒரு பங்கு, கழுவிய சிலிக்கா மணல் அல்லது பெர்லைட் ஒரு பங்கு சேர்ந்த கலவை ஏற்றது. தோட்டமண், எரு, உரம் எதுவும் கூடாது. கடற்கரை மணலில் உப்பு உண்டு. சுண்ணாம்பு கலந்த மணல் அமிலத்தன்மையைக் கெடுக்கும். பூசாத மண்தொட்டியிலிருந்து உப்புகள் கசியக்கூடும். ஆதலால் அடியில் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியே நல்லது. அது 10 முதல் 15 செ.மீ. வரை ஆழமாக இருக்க வேண்டும்.

நீர்

பல செடிகள் மடிவது இங்குதான். குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் கரைந்துள்ள உப்புகள் நம்மை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் நீர் ஆவியானபின் அவை தொட்டியிலேயே தங்கி, நாளுக்கு நாள் மிகுந்து, உப்புக்குப் பழகாத வேர்களைக் கருக்கிவிடும். மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நலம். தொட்டியை ஒரு தட்டில் வைத்து, தட்டில் ஓரிரு செ.மீ. உயரத்திற்கு நீர் நிறுத்தினால் மண் எப்போதும் ஈரமாக இருக்கும்.

வெயிலும் உணவும்

இது நிழற்செடியன்று. நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படவேண்டும். நல்ல வெயிலில் பொறியின் உட்புறம் செந்நிறம் பெறும் வகைகள் பல. கடையிலிருந்து வந்த செடியைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

வெளியில் இருக்கும் செடிக்கு நாம் உணவூட்டத் தேவையில்லை. எறும்பும் சிலந்தியும் தாமே வந்து அகப்படும். இறைச்சித் துண்டுகளை வைத்தால் பொறி அழுகிவிடும். பழைய இலைகள் கருகுவது இயல்பே, அவற்றை வெட்டிவிடலாம். இளைத்த செடியில் பூந்தண்டு தோன்றினால் முளையிலேயே நறுக்கிவிட்டால், அச்சத்து இலைகளுக்குச் சென்று சேரும்.

குளிர்கால உறக்கம்

கரோலினாவில் குளிர்காலத்தில் சில இரவுகள் உறைநிலைக்கும் கீழே செல்லும். பகற்பொழுது குறைந்து குளிர் கூடும்போது செடி வளர்ச்சியை நிறுத்துகிறது. பெரிய இலைகள் கருகிவிடும். மண்ணுக்குள் மட்டநிலத்தண்டு மட்டும் உயிரோடு இருக்கும். மூன்று, நான்கு மாதங்கள் நீடிக்கும் இவ்வுறக்கம் செடிக்கு இன்றியமையாதது. இதை அறியாதோர் செடி இறந்ததாக எண்ணி எறிந்துவிடுகின்றனர். அல்லது இரக்கப்பட்டு வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்துவிடுகின்றனர். உறங்காத செடி ஆண்டுக்கு ஆண்டு மெலிந்து மடியும்.

எனினும் தரையைவிடத் தொட்டி விரைவில் குளிர்ந்துபோகும். கடும் உறைபனி வரும் நாட்களில் தொட்டியைச் சருகால் மூடியோ, சூடேற்றாத கொட்டகையில் வைத்தோ காக்க வேண்டும். உறக்கத்தின்போது மண் ஈரமாக இருந்தால் போதும். தட்டில் நீர் நிறுத்த வேண்டியதில்லை. உறக்கம் முடியும் தறுவாயில் மண்கலவையை மாற்றலாம்.

சென்னை போன்ற நம் சமவெளி நகரங்களில் இத்தகைய குளிர்காலம் இல்லை. இங்கு இச்செடி நிலைத்து வாழாமைக்கு இதுவே முதற்காரணம்.

காட்டுச் செடியைக் காப்போம்

தாயகத்தில் இச்செடிக்கு இடர்கள் பல. ஈர நிலங்கள் வடிக்கப்பட்டுக் கட்டடங்களாகின்றன. தீயை முற்றிலும் அணைத்துவிடுவதால் புதர் மண்டி வெயிலை மறைக்கிறது. திருடர்களும் தோண்டிச் செல்கின்றனர். 2014 டிசம்பர் முதல் வட கரோலினாவில் இத்திருட்டு கடுங்குற்றமாகக் கருதப்படுகிறது. இன்று திசு வளர்ப்பு முறையில் செடிகளை வேண்டிய அளவு பெருக்க முடிகிறது. எனவே காட்டிலிருந்து எடுக்க வேண்டிய தேவையே இல்லை.

பூச்சியுண்ணும் செடியைக் காண விரும்பும் நம் மாணவர்கள் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஈரப் புல்வெளிகளில் ட்ரோசிரா வளர்கிறது. இலையில் பனித்துளி போல் மின்னும் பசையால் அது பூச்சிகளைப் பிடிக்கிறது. அதுவும் வளமற்ற மண்ணின் குடியே. அதைப் பறிக்காமல், நின்ற இடத்திலேயே கண்டு மகிழ்வதே முறை. ஒரு செடிக்கு வளம் எது என்பதை நம் விருப்பம் தீர்மானிப்பதில்லை. அது பிறந்த மண்ணே தீர்மானிக்கிறது.