ஆத்தூர்க் கடலோரத்தில் அரசு வீட்டுவசதி விதிமுறைகள்: மானியம், கடன், வாடகை

ஆய்வுச் சுருக்கம்

எளியோர் வீடு பெற அரசு மானியம், வட்டிச் சலுகையுடன் கூடிய கடன், வாடகை ஒழுங்குமுறை என மூவகை வழிகளை வகுத்துள்ளது. மூன்றுமே ஏதேனும் ஓர் ஆவணத்தை முன்நிபந்தனையாகக் கொண்டவை. தூத்துக்குடி மாவட்டம் ஆத்தூரையும் அதன் அண்டை ஊரான புன்னைக்காயலையும் சான்றாகக் கொண்டு, தேவையுடையோரை அந்நிபந்தனை எவ்வாறு வெளியே நிறுத்தக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: வீட்டுவசதி, மானியம், பட்டா, வாடகை ஒப்பந்தம், ஆத்தூர்.

முன்னுரை

தாமிரபரணிக் கரையில் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பெயர்பெற்றது ஆத்தூர். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த மீனவர் ஊர் புன்னைக்காயல். ஆத்தூர் பேரூராட்சி, புன்னைக்காயல் கிராம ஊராட்சி. இந்த நிருவாகப் பிரிவே எந்தத் திட்டம் யாருக்கு உரியது என்பதைத் தீர்மானிக்கிறது.

மானியமும் எல்லைக்கோடும்

பேரூராட்சிகள் பிரதம மந்திரியின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின்கீழ் வருகின்றன. 2015 ஜூன் 25இல் தொடங்கிய இத்திட்டத்தில், பயனாளி தாமே வீடு கட்டும் பிரிவுக்கு மைய அரசு 1.5 இலட்சம் ரூபாய் வழங்கியது. தமிழக அரசு 60,000 ரூபாய் சேர்த்தது. 2024இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் இருவர் பங்கும் சேர்ந்து 2.5 இலட்சம் வரை ஆகிறது. கிராம ஊராட்சிகளுக்கோ 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வீடொன்றுக்கு 3.5 இலட்சம் ரூபாய் ஒதுக்குகிறது; 2030க்குள் 8 இலட்சம் வீடுகள் கட்டுவது அதன் இலக்கு. ஆகவே அடுத்தடுத்த இரு ஊர்களில் ஒரே நிலையிலுள்ள குடும்பங்கள் வெவ்வேறு தொகை பெற இடமுண்டு.

தொகை வேறுபட்டாலும் நிபந்தனை ஒன்றே: மனை சொந்தமாக இருத்தல் வேண்டும். பட்டா இல்லாத புறம்போக்கில் வாழும் குடும்பம் முதற்படியிலேயே தடைபடுகிறது. கடலோரத்தில் இன்னுமொரு தடை சேர்கிறது. 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கடலோரத்தில் மக்கள் செறிவுக்கேற்ப உயரலைக் கோட்டிலிருந்து 50 அல்லது 200 மீட்டர் வரையிலான பகுதியை வளர்ச்சித் தடைப் பகுதியாக வகுக்கிறது.

மானியம் மொத்தமாகக் கைக்கு வருவதுமில்லை. அடித்தளம், கூரை எனக் கட்டுமானம் ஏறும் நிலைக்கேற்பத் தவணைகளாக விடுவிக்கப்படுகிறது. எனவே முதல் செலவைக் குடும்பமே ஏற்க நேர்கிறது. சேமிப்பற்றோர் வெளிக்கடனை நாடுகின்றனர்.

கடனும் வருமானச் சான்றும்

நகர்ப்புறத் திட்டத்தின் முதற்கட்டத்தில், ஆண்டு வருமானம் 6 இலட்சம் வரையுள்ளோர் பெறும் கடனில் முதல் 6 இலட்சத்துக்கு 6.5 விழுக்காடு வட்டி மானியம் அளிக்கப்பட்டது. அம்மானியம் முன்கூட்டியே அசலில் கழிக்கப்பட்டதால் மாதத் தவணை குறைந்தது. ஆயினும் கடனை வழங்குவது வங்கி. அது திருப்பிச் செலுத்தும் திறனுக்குச் சான்று கேட்கும். கொடிக்கால் கூலிக்கும் மீன்பிடி வருமானத்துக்கும் சம்பளச் சீட்டு இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் நடைமுறையிலுள்ள மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளியின் வருவாய் நின்றுவிடுகிறது. மாதத் தவணை நிற்பதில்லை.

வாடகை

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாடு நில உரிமையாளர்கள், குத்தகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017, எழுத்து ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிவையும் கட்டாயமாக்குகிறது. வாய்மொழியில் வாடகைக்கு இருப்போருக்கு இதன் பாதுகாப்பு எட்டுவது அரிது. மேலும் இச்சட்டம் ஒழுங்குமுறையே, உதவித்தொகை அன்று. தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், பழைய குடியிருப்புகளை மறுகட்டுமானம் செய்கையில் வெளியேறும் குடும்பங்களுக்கு அளிக்கும் 24,000 ரூபாய் கருணைத் தொகை, வாரியக் குடியிருப்பினருக்கு மட்டுமே உரியது.

முடிவுரை

மானியம் பட்டாவையும், கடன் வருமானச் சான்றையும், வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தையும் வேண்டுகின்றன. மனையின்றி, நிலையான வருமானமின்றி, வாய்மொழி வாடகையில் வாழும் குடும்பம் மூன்றிலும் விடுபடுகிறது. தொகையை உயர்த்துவதால் மட்டும் இக்குறை தீராது. பட்டா வழங்கலை வீட்டுவசதித் திட்டத்தின் முதற்படியாக இணைத்தலும், தவணைகளைத் தொழிற்பருவத்துக்கேற்ப அமைத்தலும், பேரூராட்சிக்கும் ஊராட்சிக்கும் இடையிலான தொகை வேறுபாட்டைக் களைதலும் உடன் நிகழ வேண்டும்.