கழுவுதலும் காணுதலும்: சுழல் எஞ்சினைப் பிரித்து ஆராயும் முறை

பட்டறையில் ஓர் எஞ்சினைப் பிரிக்கும்போது, உறுப்புகளைக் கழுவும் பணி பெரும்பாலும் புதிதாய்ச் சேர்ந்த இளைஞரிடமே ஒப்படைக்கப்படும். அஃது எளிய வேலை என்று பலரும் எண்ணுவர். ஆனால், எஞ்சினுக்கு நேர்ந்த பழுதைக் காட்டும் சான்றுகள் பல, அந்தக் கழுவுதொட்டியில்தான் வெளிப்படுகின்றன அல்லது அழிந்துபோகின்றன. எனவே, கழுவுபவரும் காண்பவராக இருத்தல் வேண்டும். இவ்வுண்மையைச் சுழல் எஞ்சின் என்னும் பொறியைக் கொண்டு அறிவோம்.

சுழல் எஞ்சின் இயங்கும் முறை

சாலையில் நாம் காணும் வாகனங்களின் எஞ்சினில் பிஸ்டன் முன்னும் பின்னுமாக அசைகிறது. ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல் வேறு வழியில் சிந்தித்தார். அவரது எஞ்சினின் முதல் மாதிரி 1957-ஆம் ஆண்டு இயங்கியது. இன்று வழங்கும் வடிவில், நடுவில் சற்றே இடுங்கிய நீள்வட்டம் போன்ற உறை ஒன்று உண்டு. அதனுள் புடைத்த பக்கங்களையுடைய முக்கோண வடிவச் சுழலி சுழல்கிறது. சுழலியின் மூன்று முனைகளும் எப்போதும் உறையின் உட்சுவரைத் தொட்டபடியே செல்லும். இதனால் உறையினுள் மூன்று அறைகள் உண்டாகின்றன. காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை உள்ளிழுத்தல், அழுத்துதல், எரித்தல், புகையை வெளியேற்றுதல் ஆகிய நான்கும் இவ்வறைகளில் இடையறாது நிகழ்கின்றன.

சுழலி ஒருமுறை சுற்றுவதற்குள் நடுத்தண்டு மூன்று முறை சுற்றும். தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கலவை எரியும். தண்டு நிமிடத்திற்கு 6,000 முறை சுற்றினால், நொடிக்கு 100 முறை கலவை தீப்பற்றுகிறது என்பது பொருள்.

ஓர் அறையின் அழுத்தம் அடுத்த அறைக்குக் கசியாமல் காப்பவை சீல்கள் எனப்படும் அடைப்புகள். சுழலியின் மூன்று முனைகளிலும் மூன்று முனைச் சீல்கள் உள்ளன. இருபக்கங்களிலும் மெல்லிய பக்கச் சீல்களும், அவை சந்திக்கும் இடங்களில் சிறு பொத்தான் போன்ற மூலைச் சீல்களும் உள்ளன. இவற்றின் பின்னே இருக்கும் ஸ்பிரிங்குகள் இவற்றைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கின்றன. விரல் நீளமுள்ள இத்தகடுகளின் நலமே எஞ்சினின் நலம் ஆகும்.

முதலில் காண்க; பின்னர்க் கழுவுக

எஞ்சினைப் பிரித்தவுடன் உறுப்புகளைத் தொட்டியில் இடுதல் கூடாது. படிந்துள்ள அழுக்கும் ஒரு சான்றே ஆகும். சுழலியின் முகத்தில் ஈரப்பசையுள்ள கரி திரண்டிருந்தால், எண்ணெய் அறைக்குள் கசிந்துள்ளது எனக் கருதலாம். துருவின் தடம் தென்பட்டால், குளிர்விக்கும் நீர் உட்புகுந்துள்ளது என ஐயுறலாம். வடித்த எண்ணெயில் பொன்துகள் போல ஏதேனும் மின்னினால், உள்ளே ஏதோ ஓர் உலோகப் பகுதி தேய்ந்து வருகிறது என்பது தெளிவு. இவற்றைக் குறித்துக்கொண்டு, இயன்றால் படமும் எடுத்துக்கொண்ட பின்னரே கழுவத் தொடங்க வேண்டும்.

அடுத்த விதி, ஒன்றோடொன்று கலவாமை. ஒவ்வொரு சீலும் தான் இருந்த பள்ளத்தோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும். ஆகவே அது எந்த முனையிலிருந்து எடுக்கப்பட்டது, எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்று எண்ணிட்ட தட்டுகளில் வரிசையாக வைப்பர். இடம் மாறிய சீல், வேறொருவர் அணிந்து தேய்த்த செருப்பைப் போன்றது. பொருந்துவதாகத் தோன்றினும் நடை சரியாக அமையாது.

கழுவும் முறை

எண்ணெய்ப் பிசுக்கை நீக்க மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானும் மென்மையான தூரிகையும் ஏற்றவை. கரைப்பானின் ஆவி தீங்கானது. எளிதில் தீப்பற்றவும் கூடும். ஆதலால் காற்றோட்டமான இடத்தில், கையுறை அணிந்து, தீயின் அருகாமை தவிர்த்துக் கழுவ வேண்டும். பெட்ரோலைக் கொண்டு கழுவுதல் கூடவே கூடாது.

இறுகிய கரியை முதலில் ஊறவைத்து, மரத்தாலோ பித்தளையாலோ ஆன சுரண்டியால் மெல்ல நீக்க வேண்டும். அவசரப்பட்டு உப்புத்தாளால் தேய்த்தால் கரியோடு உலோகமும் போய்விடும். சீல் அமரும் பள்ளம் அகன்றுவிடும். இரும்பு உறுப்புக்கு ஏற்ற மருந்து அலுமினிய உறுப்புக்கு நஞ்சாகலாம். காஸ்டிக் சோடாக் கரைசல் அலுமினியத்தை அரித்துவிடும். எனவே ஓர் உறுப்பு எந்த உலோகத்தால் ஆனது என்பதை அறிந்த பின்னரே அதற்குரிய கரைப்பானைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கழுவிய உறுப்புகளைக் காற்றைப் பாய்ச்சி உலர்த்தி, இரும்புப் பகுதிகளில் துருப்பிடிக்காதவாறு மெல்லிய எண்ணெய் பூசி, தூசு படியாமல் மூடி வைப்பர்.

ஆராயும் முறை

ஆய்வு மூன்று படிகளைக் கொண்டது. முதலாவது கண். நல்ல ஒளியில், உருப்பெருக்கிக் கண்ணாடியால் கீறல், வெடிப்பு, பூச்சு உரிந்த இடம் ஆகியவற்றைத் தேட வேண்டும். இரண்டாவது விரல். கண்ணுக்குத் தப்பிய கீறல் நகத்தில் தடைபடும். மூன்றாவது அளவுகோல். மைக்ரோமீட்டர் என்னும் கருவி ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கை அளந்து காட்டும். அதனால் சீலின் உயரத்தை நடுவிலும் இருமுனைகளிலும் அளப்பர். நேர்கோலைப் பக்கத் தகட்டின்மேல் வைத்து, இடையில் மெல்லிய ஃபீலர் கேஜ் தகடு நுழைகிறதா எனப் பார்த்துத் தகடு வளைந்துள்ளதா என அறிவர். கிடைத்த அளவுகளை எஞ்சினுக்குரிய கையேட்டின் எல்லைகளோடு ஒப்பிடுவர். எல்லையைக் கடந்த உறுப்பு எவ்வளவு பளபளப்பாக இருப்பினும் விலக்கத்தக்கதே.

நுண்ணிய வெடிப்பைக் காண ஓர் அழகிய வழி உண்டு. உறுப்பின்மேல் சிவப்புச் சாயத்தைப் பூசிச் சிறிது நேரம் காத்திருப்பர். சாயம் வெடிப்பினுள் புகும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு வெண்ணிறப் பொடியைத் தூவினால், உள்ளே ஒளிந்த சாயம் வெளியேறிச் செங்கோடாகத் தோன்றும். வெடிப்பினுள் எண்ணெயும் கரியும் அடைத்திருந்தால் சாயம் நுழையாது, வெடிப்பும் தெரியாது. கழுவுதலின் குறை காணுதலின் குறையாக முடிவது இவ்வாறே.

தடங்கள் கற்பித்த பாடம்

ஜப்பானில் பின்னாளில் மாஸ்டா எனப் பெயர்பெற்ற நிறுவனம் சுழல் எஞ்சினை உருவாக்க முயன்றபோது, சோதித்த எஞ்சின்களின் உட்சுவரில் அலை அலையான தடங்கள் காணப்பட்டன. பொறியாளர்கள் அவற்றைப் பேயின் நகக்கீறல் என்று அழைத்தனர். முனைச் சீல்கள் ஓடும்போது அதிர்ந்து துள்ளியதே காரணம் எனப் பின்னர் அறிந்தனர். சீலின் அமைப்பை மாற்றி அவ்வதிர்வை அடக்கினர். 1967-இல் அவர்களது சுழல் எஞ்சின் மகிழுந்து விற்பனைக்கு வந்தது. 1991-இல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணிநேரப் பந்தயத்தில், மாஸ்டாவின் சுழல் எஞ்சின் வண்டி 362 சுற்றுகள் ஓடி வென்றது. பந்தயத்திற்குப் பின் அந்த எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது தேய்மானம் மிகக் குறைவாகவே இருந்தது.

நம் நாட்டிலும் வாங்கெல் எஞ்சின் உண்டு. ஆளில்லா வேவு வானூர்தியான நிஷாந்துக்காகப் பெங்களூரிலுள்ள தேசிய வான்வெளி ஆய்வகமும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனங்களும் இணைந்து 55 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினை உருவாக்கின. 2009-இல் அது கருநாடகத்தில் வானூர்தியை ஏற்றிப் பறந்தது. வானில் எஞ்சின் நின்றால், சாலையோரம் வண்டியை நிறுத்துவது போல நிறுத்த இயலாது. தரையில் செய்யும் ஆய்வே வானில் துணை.

நம் திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் திரவ உந்துகை அமைப்பு மையம் உள்ளது. இந்தியாவின் கிரையோஜெனிக் எஞ்சினை உருவாக்கும் பணியில் முன்னின்றது இம்மையமே. 2010 ஏப்ரல் 15 அன்று அவ்வெஞ்சினோடு முதன்முதலாக ஏவப்பட்ட ஜி.எஸ்.எல்.வி. ஏவூர்தி இலக்கை அடையவில்லை. திரவ ஹைட்ரஜனை உந்தித் தரும் சுழல் பம்பு நின்றுபோனதே காரணம். ஒரு சீல் இருக்குமிடத்தில் இறுகிப் பற்றியதால் சுழலி நின்றிருக்கலாம் என்பது ஆய்வில் கருதப்பட்ட காரணங்களுள் ஒன்று. பறந்துபோன பொறியைப் பிரித்துக் கழுவி ஆராய வழியில்லை; அனுப்பிய தரவுகளைக் கொண்டும் தரையில் செய்த சோதனைகளைக் கொண்டுமே உண்மையைத் தேட வேண்டியிருந்தது. குறைகள் களையப்பட்டு, 2014 சனவரி 5 அன்று அடுத்த கிரையோஜெனிக் எஞ்சின் வெற்றி கண்டது.

மாணவர்களே! பட்டறையில் எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு உறுப்புகளைக் கழுவுபவரை நீங்கள் கண்டிருப்பீர்கள். உங்கள் இல்லங்களிலும் அத்தகைய கைகள் இருக்கலாம். அக்கைகள் அழுக்கை மட்டும் நீக்குவதில்லை. எந்த உறுப்பை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்னும் தீர்ப்புக்கு முதற்சான்று தருபவை அவையே.

சிந்தித்து எழுதுக

1. எஞ்சின் உறுப்புகளைக் கழுவுவதற்கு முன் ஏன் உற்றுநோக்க வேண்டும்?
2. தண்டு நிமிடத்திற்கு 9,000 முறை சுற்றினால், சுழலி எத்தனை முறை சுற்றும்? நொடிக்கு எத்தனை முறை கலவை எரியும்?
3. கையால் உழைக்கும் ஒருவரிடம் அவர்தம் தொழிலின் முறைகளைக் கேட்டு அறிந்து, பத்து வரிகளில் எழுதுக. அத்தொழிலில் வழங்கும் ஐந்து சொற்களையும் தமிழில் தொகுக்க.