பொருளறியாத ஆங்கிலப் படிப்பு

இராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், நீர்காத்த அய்யனார் கோவில் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஆறு அதன் அருகே ஓடுகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை நாம் அங்கே போயிருந்தபோது, ஆற்றோரப் பாறையொன்றில் இரண்டு இளைஞர்கள் புத்தகமும் பென்சிலுமாய் உட்கார்ந்திருக்கக் கண்டோம். ஒருவர் நூற்பாலைத் தொழிலாளியின் மகன். மற்றவர் சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். மத்திய அரசாங்கத்தின் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பல்பணி ஊழியர் பரீட்சைக்கு இருவரும் ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ஓர் ஆங்கிலப் பத்தியின் கீழிருந்த ஐந்து வினாக்களுக்கும் சில நிமிஷங்களில் விடை குறித்தார்கள். அவற்றில் நான்கு சரியாயிருந்தன.

“பத்தி எதைப் பற்றியது, தம்பி?” என்று கேட்டோம்.

“அது தெரியாதுங்க ஐயா. கேள்வியில் உள்ள வார்த்தை எந்த வரியில் வருகிறதோ, அந்த வரியில் விடை இருக்கும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்” என்றார் ஒருவர்.

இந்தப் பதில் நம்மை வருத்தியது. இளைஞர்கள்மீது நமக்குக் குறையில்லை. அவர்கள் உழைக்கிறார்கள், அவர்களுடைய உழைப்பைத் தவறான வழியில் செலவிடச் செய்தவர்கள் வேறு.

அப்பரீட்சையின் அமைப்பைச் சற்றுக் கவனிப்போம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அதற்குரிய தகுதி. வேலையோ, அலுவலகத்தைத் துப்புரவாக வைத்திருப்பதும் கோப்புகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் போன்றது. ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் நடந்துவந்த இப்பரீட்சையைத் தமிழ் முதலிய 13 பிரதேச பாஷைகளிலும் எழுதலாம் என்று 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் முதற்பகுதியில் தகுதி மதிப்பெண் பெற்றால் போதும். தரவரிசையை நிர்ணயிப்பது இரண்டாம் பகுதியின் 150 மதிப்பெண்களே. அவற்றில் சரிபாதியான 75 மதிப்பெண்கள் ஆங்கிலத்துக்கு! தவறான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் குறையும். தமிழுக்குக் கதவைத் திறந்துவிட்டு, வாசற்படியில் ஆங்கிலத்தைக் காவல் வைத்திருக்கிறார்கள். கோப்பைச் சுமக்கும் ஊழியரைத் தேர்ந்தெடுக்க இத்தனை ஆங்கிலம் எதற்கு? இந்த விகிதம் மாறவேண்டுமென்று நமது பிரதிநிதிகள் வற்புறுத்த வேண்டும்.

அது மாறும்வரை நமது இளைஞர்கள் என்ன செய்வது? ஆங்கிலத்தைச் சரியான முறையில் கற்பதே வழி. அம்முறை தாய்மொழி வழியாகத்தான் செல்லவேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம். கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டதால் நான்கு வருஷங்கள் கஷ்டப்பட்டுக் கற்றதைக் குஜராத்தியில் ஒரே வருஷத்தில் கற்றிருக்கலாம் என்று 1938-இல் ‘ஹரிஜன்’ பத்திரிகையில் மகாத்மா காந்தி எழுதினார். பிற பாடங்களைப் பற்றி அவர் கூறியது, ஆங்கில பாஷையைக் கற்பதற்கும் பெரிதும் பொருந்தும்.

இலக்கணத்தையே எடுத்துக்கொள்வோம். ‘மலையிலிருந்து இறங்கி ஊருக்குக் குடிநீர் தரும் ஆறு’ என்கிறோம். தமிழில் பெயரெச்சம் முன்னே வந்து, ‘ஆறு’ என்ற பெயர் கடைசியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் ஆறு முதலில் வந்துவிடும்; அதைப் பற்றிய விவரமெல்லாம் பின்னே தொடரும். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வந்துவிடும். நமது வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னே ஒட்டும். அவர்களுடைய உருபுச் சொற்கள் பெயருக்கு முன்னே நிற்கும். இந்த மூன்றையும் தமிழ் வாக்கியத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டினால், நீண்ட ஆங்கில வாக்கியத்தைக் கண்டு மாணாக்கர் மிரளமாட்டார்.

காலங்களும் அப்படியே. ‘போனான்’, ‘போயிருக்கிறான்’ என்ற பேதம் நமக்குப் புதிதன்று. ஆனால் ‘நேற்று மதுரைக்குப் போயிருக்கிறான்’ என்று தமிழில் தாராளமாய்ச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘நேற்று’ என்ற சொல் வந்துவிட்டால் அந்த வினைவடிவம் பிழையாகும். ‘போனான்’ என்பதற்குரிய வடிவமே வரவேண்டும். பிழை எங்கே பிறக்கிறது என்பதைத் தமிழ் கொண்டு விளக்கினால் ஒரு தடவை போதும். விளக்காமல் சூத்திரமாய் ஒப்பிக்கச் செய்தால் நூறு தடவையும் போதாது.

பொருளறிதலுக்குக் குறுக்குவழி உதவாது. வினாவிலுள்ள சொல்லையே தவறான விடையிலும் வைப்பது வினா தயாரிப்போரின் வழக்கமான தந்திரம். ‘பின்வருவனவற்றுள் எது உண்மையன்று?’ என்று கேட்டால், சொல்லை மட்டும் தேடுகிறவர் வழுக்கி விழுவார். பத்தியை முழுதும் ஒருமுறை படிக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்திலும் வினையைக் கண்டு, அதைச் செய்தவர் யார் என்று கேட்கவேண்டும். ‘அது’, ‘அவர்கள்’ என்று வருமிடங்களில் எது, எவர் என்று தெளியவேண்டும். பிறகு புத்தகத்தை மூடிவைத்து, படித்ததைத் தமிழில் நான்கு வாக்கியங்களில் சொல்லவேண்டும். சொல்ல முடிந்தால் பொருள் விளங்கிற்று. சொல்ல முடியாவிட்டால், ஐந்து விடைகளும் சரியாயிருந்தாலும் அது படிப்பன்று.

அன்று அவ்விளைஞர்களோடு அதே பத்தியை இம்முறையில் படித்துப் பார்த்தோம். அது ஒரு நீர்த்தேக்கத்தைப் பற்றியது! ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தின் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு அதில் விளங்காதது எதுவுமில்லை. “இவ்வளவுதானா ஐயா!” என்று இருவரும் சிரித்தார்கள். தவறவிட்ட ஐந்தாவது விடையையும் தாமே திருத்தினார்கள்.

தேசத் தொண்டர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை வகித்த பூ. ச. குமாரசாமி ராஜா, இராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டையே பொதுமக்களுக்கு வழங்கினார். அதுவே காந்தி கலை மன்றமாயிற்று. அத்தகைய தியாகத்தை நாம் எல்லோரிடமும் கேட்கவில்லை. ஆங்கிலமும் தமிழும் நன்கறிந்த ஒருவர், வாரத்தில் இரண்டு மாலைகள், தமது ஊர் வாசகசாலையில் பத்து இளைஞர்களோடு உட்கார்ந்து ஒரு பத்தியைப் படிக்கட்டும். பரீட்சையில் நியாயம் கேட்டுப் போராடுவது ஒரு கடமை. அதுவரை நமது பிள்ளைகள் பொருளறியாமல் குறியிட்டு ஏமாறாதபடி காப்பது மற்றொரு கடமை. முதலாவதற்குப் பல காலம் ஆகலாம். இரண்டாவதை இந்த வாரமே தொடங்கலாம்.