அரிமா மதுரை (எழுத்துரு)

அரிமா மதுரை என்பது தமிழ், இலத்தீன் எழுத்துகளை ஒரே சாயலில் தரும், வனப்பெழுத்துத் தன்மை கொண்ட தலைப்பு எழுத்துரு ஆகும். போர்த்துகல் நாட்டைச் சேர்ந்த நட்டனாயெல் காமா, ஜோவானா கொரெயா ஆகியோர் இதனை வடிவமைத்தனர். 2016 இல் கூகுள் எழுத்துருத் தளத்தில் வெளியானது. பின்னர் மலையாளம், கிரேக்கம் ஆகியவையும் சேர்ந்து ‘அரிமா’ என்ற பெயரில் விரிவாக்கப்பட்டது. அரிமா என்ற சொல் தமிழில் சிங்கத்தைக் குறிக்கும். எழுத்தின் தோற்றமோ மென்மையானது.

தோற்றம்

பனையோலையில் எழுத்தாணியால் கீறும்போது கோடு ஏறக்குறைய ஒரே பருமனில் அமையும். பட்டைமுனைப் பேனாவால் எழுதினால் கை திரும்பும் திசைக்கேற்பக் கோடு மெலியும், தடிக்கும். வனப்பெழுத்துக்கு அழகு தருவது பெரும்பாலும் இந்த வேறுபாடுதான். அரிமா மதுரையில் அது அடக்கமாகவே உள்ளது. கோட்டின் முனைகள் கூராக வெட்டப்படாமல் மழுங்கியிருப்பதால் மையால் எழுதியது போன்ற உணர்வு கிடைக்கிறது. மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை எட்டுத் தடிப்புகள் உண்டு.

பயன்பாடு

அழைப்பிதழ், நூல் அட்டை, சுவரொட்டி, கடைப் பெயர்ப்பலகை போன்றவற்றுக்கு இது பொருந்தும். பத்தி பத்தியாக வாசிக்க வேண்டிய பாடப்பகுதிக்குப் பொருந்தாது. அங்கே முக்தா மலர் போன்ற உரை எழுத்துருவே கண்ணுக்கு இதம்.

தடிப்பைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் உள்ள புதுச்சத்திரம் போன்ற ஊர்களில், ஓடும் வண்டியிலிருந்து ஓரிரு நொடிகளில் படிக்கும்படி பலகை இருக்க வேண்டும். மெல்லிய தடிப்பில் முதலில் மறைவது புள்ளிதான். ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டினால் புள்ளி தனித் துண்டாக நிற்கும். வெயிலிலும் மழையிலும் அதுவே முதலில் உரிந்து விழக்கூடும். அப்போது ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும், ‘பால்’ என்பது ‘பால’ ஆகிவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் குழந்தைகள் இத்தகைய பலகைகளையும் படித்தே பழகுகிறார்கள் என்பதைக் கடைக்காரர்கள் நினைப்பதில்லை. தொலைவிலிருந்து படிப்பதற்குத் தடித்த வகையே ஏற்றது.

உரிமமும் குறியாக்கமும்

இது திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கிறது. பள்ளி மலருக்கும் வணிக விளம்பரத்துக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், மாற்றியமைக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது.

அச்சகங்களில் புழங்கிவந்த பழைய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. அவற்றில் தட்டச்சு செய்ததை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் பொருளற்ற குறிகளே தெரியும். அரிமா மதுரை ஒருங்குறியில் அமைந்தது என்பதால், கைப்பேசியில் வந்த செய்தியை அப்படியே எடுத்து ஒட்டலாம். ஆனால் இந்திய மொழிகளுக்கான அமைப்பு இல்லாத பழைய படத்தொகுப்பு மென்பொருளில் ‘கெ’ என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அது எழுத்துருவின் குறை அன்று. மென்பொருளைப் புதுப்பித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.